கேரோட் கேட்ட கேள்வி

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் போகும் சாலையின் இருபுறமும் பாருங்கள். கரிசல் மண், கருவேலங்காடு, மழையை நம்பி விதைத்த கம்பு, பருத்தி, மிளகாய். குண்டாற்றிலே தண்ணீர் ஓடும் நாட்களைவிட மணல் காயும் நாட்களே அதிகம். இந்த வானம் பார்த்த பூமியிலே உழுகிறவனும், தறியிலே அமர்கிறவனும், மில்லுக்குப் போகிறவனும் பெண்ணெடுக்க எங்கே போவான்? அக்காள் வீட்டுக்கு! அத்தை வீட்டுக்கு! மாமன் வீட்டுக்கு! இருக்கிற இரண்டு குறுக்கம் நிலம் பிரிந்துவிடக் கூடாது. போட்ட நாலு பவுன் வெளியே போய்விடக் கூடாது. போன இடத்திலே பெண் கண் கலங்கக் கூடாது. ஏழையின் கணக்கு இது. இதை ஏளனம் செய்ய எவருக்கும் உரிமையில்லை.

ஆனால், அந்த வீட்டிலே ஒரு குழந்தை குறையோடு பிறந்துவிட்டால்? காது கேளாமல் பிறக்கிறது. அல்லது நடக்கும் வயது வந்தும் தலை நிற்காமல் கிடக்கிறது. அல்லது சித்திரை வெயிலிலே கண் திறக்க மாட்டாமல் வெண்ணிறத் தோலோடு வளர்கிறது. பழி யார் தலையிலே விழும்? பெற்றவள் தலையிலே! முன்வினை என்பார் ஒருவர். நாகதோஷம் என்பார் மற்றொருவர். கிரகணத்தன்று வெளியே வந்தாள், அதனால்தான் என்பார் மூன்றாமவர். கோடாங்கி உடுக்கை எடுப்பான், கோழி ஒன்று பலியாகும். இரண்டாவது பிள்ளையும் அப்படியே பிறந்தால், மகனுக்கு வேறு பெண் பார்க்கலாமா என்று மாமியார் யோசிப்பாள். அந்த மகனைப் பற்றி எவரும் ஒரு வார்த்தை பேசமாட்டார்!

இந்தப் பழி பொய் என்று காட்டும் சான்றைத் தேடித் தந்தவர் ஒரு குழந்தை மருத்துவர். ஆர்ச்சிபால்ட் கேரோட் என்பது அவர் பெயர்.

1857 நவம்பர் 25ஆம் நாள் இலண்டனிலே பிறந்தார். தந்தையாரும் புகழ்பெற்ற மருத்துவரே. ஊளைச்சதைச் சீமான்களைக் கட்டிலில் கிடத்தும் கவுட் என்னும் மூட்டுவாத நோயில், இரத்தத்திலே யூரிக் அமிலம் மிகுவதைக் கண்டு சொன்னவர். மகன் ஆக்ஸ்போர்டிலே படித்தார், இலண்டன் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையிலே தொழில் பயின்றார், பிறகு கிரேட் ஆர்மண்ட் தெருவிலுள்ள குழந்தைகள் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார். ஏழைப் பிள்ளைகள் வந்து குவியும் இடம் அது.

அங்கேதான் அந்தத் துணியைக் கண்டார். கைக்குழந்தை ஒன்றின் இடுப்புத் துணி, சிறுநீர் பட்டுக் காற்றாடியதும் கறுத்துப் போகிறது. அல்காப்டோனூரியா என்று அந்நோய்க்குப் பெயர் மட்டும் இருந்தது. குடலிலே புகுந்த கிருமியின் வேலை என்று அறிஞர் பலர் எழுதி வைத்திருந்தனர். கேரோட் அதை ஒப்பவில்லை. கிருமி என்றால் வரும், போகும். இதுவோ பிறந்தது முதல் இறப்பது வரை விடுவதில்லை.

அந்தத் தாய் மீண்டும் கருவுற்றிருந்தாள். சாமானியமான மருத்துவராயிருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பார். இவர், பிறக்கப் போகும் குழந்தையின் துணிகளைப் பிறந்த கணம் முதல் கவனிக்கும்படி ஏற்பாடு செய்தார். 1901 மார்ச்சில் குழந்தை பிறந்தது. முதல் நாள் துணி வெள்ளை. மூன்றாம் நாள் கறுப்பு! கிருமி புகுந்து பெருகக் காலம் ஏது? பிறவியிலேயே வந்தது என்பது உறுதியாயிற்று.

பிறகுதான் அந்தக் கேள்வி. மருந்தைப் பற்றியதன்று, உணவைப் பற்றியதுமன்று. கணவனும் மனைவியும் சொந்தமா என்று விசாரித்தார். சொந்தம்தான், இருவருடைய தாய்மாரும் உடன்பிறந்த அக்காள் தங்கையர். நம் வழக்கிலே அவ்விருவரும் அண்ணன் தங்கை முறை. கலியாணப் பேச்சே எழாது. அங்கே அது முறையான மணம். நாம் ஒதுக்குவதை அவர்கள் கொள்வர், நாம் கொள்வதைக் கண்டு இன்னொரு நாட்டார் முகம் சுளிப்பர். குருதிக்கு முறை தெரியாது, தோழர்களே!

ஒரு குடும்பத்தோடு நிற்கவில்லை. தெரிந்த குடும்பங்களையெல்லாம் விசாரித்துக் கணக்கெடுத்தார். 1902இல் வெளியிட்ட கட்டுரையிலே, தமக்கு நோயின்றி நோயுற்ற பிள்ளைகளைப் பெற்ற பெற்றோரில் நூற்றுக்கு அறுபது இணையர் ஒன்றுவிட்ட சொந்தம் என்று காட்டினார். அன்றைய இங்கிலாந்திலே அத்தகைய மணங்கள் நூற்றுக்கு மூன்றைத் தாண்டவில்லை. வில்லியம் பேட்சன் என்ற உயிரியல் அறிஞர் விளக்கம் தந்தார். மெண்டல் என்னும் துறவி பட்டாணிச் செடியிலே கண்டு, 35 ஆண்டு உலகம் மறந்து, 1900இல் மறுபடி கண்டெடுத்த விதிதான் அது.

அந்த விதி கடினமானதன்று. உடலின் ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு குறிப்புகள் உண்டு. ஒன்று அப்பன் தந்தது, ஒன்று ஆத்தாள் தந்தது. ஒன்று பழுதானாலும் மற்றொன்று வேலையை நடத்திவிடும். பழுது இருப்பதே ஆயுள் முழுதும் தெரியாது. பழுதான குறிப்பு அப்பனிடம் ஒன்று, ஆத்தாளிடம் ஒன்று என்று இருந்து, இரண்டும் ஒரே பிள்ளைக்கு வந்து சேர்ந்தால் நோய். ஒவ்வொரு பேற்றிலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. சரிபாதி அவன், சரிபாதி அவள்! ஒருத்தியை மட்டும் கூண்டிலேற்ற இங்கே இடமேது?

சொந்தத்திலே கட்டும்போது என்ன ஆகிறது? ஒரே பாட்டனின் பழுது இரண்டு வழியாக ஒரே பேரனிடம் வந்து சேரலாம். அத்தை மகனும் மாமன் மகளும் மணந்தால் எந்தக் குறிப்புக்கும் அந்த வாய்ப்பு 16இல் ஒன்று. அக்காள் மகளைத் தாய்மாமன் மணந்தால் 8இல் ஒன்று. அதனால் சொந்தத்தில் பிறந்த பிள்ளையெல்லாம் நோயாளி என்று கிளம்பிவிட வேண்டாம். பெரும்பாலான பிள்ளைகள் நலமாகவே பிறக்கின்றன. ஆனால் 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டிலே நாலில் ஒரு பங்குக்கு மேற்பட்ட மணங்கள் சொந்தத்தில் நடந்தவை. 1957இல் இந்தியாவிலே குடியேறிய ஹால்டேன் என்ற மரபியல் அறிஞர், ஆந்திரத்து மாமன்–மருமகள் மணங்களை ஆராயத் தம் மாணவரைத் தூண்டியதும் இதனால்தான்.

உடலுக்குள்ளே நடப்பதைக் கேரோட் சொன்ன விதம் மில் தொழிலாளிக்கு உடனே விளங்கும். பஞ்சு கார்டிங்கிலிருந்து சிம்ப்ளக்ஸ், சிம்ப்ளக்ஸிலிருந்து ஸ்பின்னிங் என்று போகிறது. ஸ்பின்னிங் நின்றுவிட்டால்? நூல் வராது, அரைகுறைச் சரக்கு மலையாய்க் குவியும். உண்ட உணவும் அப்படித்தான் படிப்படியாகப் பதமாகிறது. ஒரு படியின் எந்திரம் பிறவியிலேயே இல்லையென்றால் முன்படியின் சரக்கு தேங்கும். அல்காப்டோனூரியாவில் அந்தச் சரக்குதான் துணியைக் கறுப்பாக்குகிறது. வயது ஏற ஏற மூட்டிலும் முதுகிலும் படிந்து ஆளை முடக்குகிறது. 1908இல் தொடர் சொற்பொழிவாற்றி, மறு ஆண்டு நூலாக்கினார். வெண்தோல் பிறவியையும் இந்த வரிசையிலேயே வைத்தார்.

உலகம் மாலை சூட்டியதா? இல்லை. அரிய நோய், ஆயிரத்தில் ஒருவருக்குக்கூட இல்லை என்று அறிஞர்கள் அலட்சியம் செய்தனர். போர் வந்தது. மால்டா தீவிலே படை மருத்துவராகப் பணியாற்றினார். மூன்று மகன்கள் அவருக்கு. 1915இல் ஒருவன், 1916இல் ஒருவன் போரிலே போனார்கள். மிஞ்சியவனை 1919இல் இன்புளூயன்சா கொண்டு போயிற்று. பரம்பரையை ஆராய்ந்தவருக்கு ஆண்வாரிசு ஒன்றும் மிஞ்சவில்லை. ஆனால் ஒரு மகள் இருந்தாள். டோரதி கேரோட் தொல்பொருள் ஆய்விலே இறங்கி, 1939இல் கேம்பிரிட்ஜின் முதல் பெண் பேராசிரியர் ஆனார். தந்தை அதைக் காணவில்லை. ஆக்ஸ்போர்டிலே மருத்துவப் பேராசிரியராக 1920 முதல் 1927 வரை இருந்துவிட்டு, 1936 மார்ச் 28ஆம் நாள் கேம்பிரிட்ஜிலே மறைந்தார்.

1941இல் பீடில், டேட்டம் என்ற இரு அமெரிக்கர், பூஞ்சையை வைத்து ஒரு குறிப்புக்கு ஒரு எந்திரம் என்று நிறுவினர். 1958இல் நோபல் பரிசு வந்தபோது, கேரோட் முன்பே சொன்னதைத்தான் நாங்கள் மறுபடி கண்டோம் என்று பீடில் ஒப்புக்கொண்டார். அதே 1958இல் அந்தக் காணாமற்போன எந்திரமும் நோயாளியின் ஈரலிலே இல்லையென்று மெய்ப்பிக்கப்பட்டது. இன்று பிறந்த குழந்தையின் குதிகாலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்து, மூளை கெடுமுன்னே உணவை மாற்றிக் காப்பாற்றுகிறார்களே சில நோய்களில், அந்தச் சோதனையும் கேரோட் போட்ட பாதையிலேதான் வந்தது.

நம் வீட்டு வாசலுக்கும் அந்நோய் வந்திருக்கிறது. நரிக்குறவர் மக்களிடையே அல்காப்டோனூரியா மிகுதியாக இருப்பதையும், முன்னோர் ஒருவரிடமிருந்து வந்த ஒரே பழுது அதற்குக் காரணம் என்பதையும் 2014இல் வெளியான ஆய்வு காட்டிற்று. ஊசிமணி விற்றதாலோ ஊர் ஊராய்ச் சுற்றியதாலோ வந்ததன்று; சிறு வட்டத்துக்குள்ளேயே கொண்டு கொடுத்ததால் வந்தது. சாதி என்னும் வேலிக்குள்ளே பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் எல்லாருக்கும் இந்தக் கணக்குப் பொருந்தும், வேலி சிறிதாகச் சிறிதாக அதிகமாய்ப் பொருந்தும்.

கேரோட் கையிலே மருந்து இல்லை. நிடிசினோன் என்னும் மருந்தை வயது வந்த அல்காப்டோனூரியா நோயாளிகளுக்குத் தரலாமென்று 2020இல் ஐரோப்பா அனுமதித்தது. களைக்கொல்லி தேடிய ஆய்விலே கிடைத்த பொருள் அது! நின்றுபோன எந்திரத்தை அது ஓட்டாது. அதற்கு முந்திய எந்திரம் ஒன்றை நிறுத்திவிடுகிறது. கறுப்பாக்கும் சரக்கு வந்து குவிவதில்லை. அதற்குப் பதிலாக வேறொரு சரக்கு இரத்தத்திலே ஏறும். ஆகவே இதை உண்பவர் உணவிலே கட்டுப்பாடும், கண்ணிலே அடிக்கடி சோதனையும் வைத்துக்கொள்ள வேண்டும்.