ஓஸ்கார் பர்னாக்

ஓஸ்கார் பர்னாக் (நவம்பர் 1, 1879 - ஜனவரி 16, 1936) ஜெர்மனியைச் சேர்ந்த நுண்கருவி வடிவமைப்பாளர் ஆவார். 35 மிமீ படச்சுருளைப் பயன்படுத்தும் லைக்கா ஒளிப்படக்கருவியை உருவாக்கியவர் இவரே.

வாழ்க்கை

பர்னாக் பிராண்டன்பர்க் பகுதியிலுள்ள லினோ என்னும் சிற்றூரில் பிறந்தார். நுண்கருவித் தொழில் பயின்ற இவர், 1902 இல் யேனா நகரின் கார்ல் சைஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். 1911 இல் வெட்ஸ்லார் நகருக்குச் சென்று, நுண்ணோக்கிகள் தயாரித்து வந்த லைட்ஸ் நிறுவனத்தில் பணியேற்றார். ஒளிப்படம் எடுப்பதில் ஆர்வம் மிக்கவராயினும், ஆஸ்துமா நோயினால் துன்புற்றதால் கண்ணாடித் தகடுகளையும் கனமான கருவியையும் சுமந்து செல்வது இவருக்குக் கடினமாக இருந்தது. சிறிய நெகட்டிவில் படம்பிடித்துப் பின்னர் பெரிதாக்கும் எண்ணத்துக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

லைக்காவின் உருவாக்கம்

திரைப்படச் சுருளில் ஒரு படத்தின் அளவு 18 x 24 மிமீ ஆகும். சுருளைக் கிடைமட்டமாக ஓடச்செய்து இதனை இருமடங்காக்கிய பர்னாக், 24 x 36 மிமீ அளவைப் பெற்றார். 1914 அளவில் முதல் மாதிரிக் கருவி தயாரானது. சுருளை நகர்த்தும்போதே மூடியின் வில்லும் முறுக்கேறுமாறு அமைத்ததால், ஒரே இடத்தில் இருமுறை படம் பதிவது தவிர்க்கப்பட்டது. முதல் உலகப் போர் இம்முயற்சியைத் தாமதப்படுத்தியது. சிறிய நெகட்டிவைப் பெரிதாக்கும்போது தெளிவு குன்றாதிருக்கத் தேவையான வில்லையை மாக்ஸ் பெரெக் வடிவமைத்தார்.

1923 இல் சோதனைக்காகச் சில கருவிகள் செய்யப்பட்டன. பணவீக்கத்தால் ஜெர்மனி நலிந்திருந்த அக்காலத்தில், புதிய கருவி விற்பனையாகுமா என்ற ஐயம் நிறுவனத்துக்குள்ளேயே எழுந்தது. எனினும் உரிமையாளர் இரண்டாம் எர்ன்ஸ்ட் லைட்ஸ் 1924 இல் உற்பத்திக்கு இசைந்தார். 1925 இல் லைப்சிக் வணிகக் கண்காட்சியில் லைக்கா அறிமுகமானது. லைட்ஸ், கேமரா ஆகிய சொற்களின் முதற்பகுதிகளே இப்பெயராயின.

1930 இல் வில்லைகளை மாற்றத்தக்க கருவியும், 1932 இல் தொலைவுமானி இணைந்த இரண்டாம் லைக்காவும் வெளிவந்தன. சட்டைப்பையில் அடங்கும் இக்கருவி, நிகழ்விடத்திலேயே விரைந்து படமெடுக்கும் செய்தி ஒளிப்படக்கலையின் வளர்ச்சிக்குப் பெரிதும் உதவியது.

மறைவும் நினைவும்

பர்னாக் 1936 இல் பாட் நவ்ஹைம் நகரில் காலமானார். இவர் நினைவாக 1979 முதல் ஒளிப்பட விருது ஒன்று வழங்கப்படுகிறது. இவர் பயன்படுத்திய 105 ஆம் எண் மாதிரிக் கருவி, 2022 இல் 1.44 கோடி யூரோவுக்கு ஏலம் போனது. இவர் வகுத்த 24 x 36 மிமீ அளவே இன்றைய முழுச்சட்ட எண்ணிமக் கேமராக்களின் உணரி அளவாகவும் உள்ளது.