கல்லைப் படித்த துரை

சின்னசேலத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்கு வரும்போது வடக்கே நீலமாகத் தெரிவது கல்வராயன் மலை. அந்தப் பக்கத்துப் பாறைகளைச் சுத்தியலால் தட்டிப் பார்த்து, இன்ன இடத்தில் இன்ன கல் என்று முதலில் படம் போட்டுக் காட்டியவர்களில் ஒருவர் ஓர் ஆங்கிலேயர். அவர் பெயர் ராபர்ட் புரூஸ் ஃபுட்.

1834-ல் இங்கிலாந்தில் செல்ட்டன்ஹாம் நகரில் பிறந்தவர். 24-வது வயதில், 1858 டிசம்பரில், இந்திய பூகர்ப்ப ஆராய்ச்சி இலாகாவில் சேர்ந்தார். சென்னை ராஜதானிக்கு அனுப்பினார்கள்.

இங்கேயே கல்யாணமும் ஆயிற்று. மாமனார் யார் தெரியுமா? தமிழ் கற்ற பாதிரியார் பீட்டர் பெர்சிவல். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையுடன் பைபிளைத் தமிழாக்கியவர் அவர்தான். மாமனார் தமிழ்ச் சொற்களைத் திரட்டினார். மருமகனோ தமிழ்நாட்டுக் கற்களைத் திரட்டினார்!

இரும்பு தெரிந்தது, ஈயம் ஒளிந்தது

சேலம், தென்னாற்காடு, திருச்சி, தஞ்சை ஜில்லாக்களின் பகுதிகளைப் பற்றி ஃபுட்டும் அவருடைய சகா வில்லியம் கிங்கும் எழுதிய அறிக்கை 1864-ல் வெளிவந்தது. கஞ்சமலை, தீர்த்தமலை, கொல்லிமலை வட்டாரங்களின் இரும்புப் பாறைகளை அதில் வகைப்படுத்தியிருந்தார்கள்.

ஆனால் கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் மாமண்டூரில் துத்தநாகமும் ஈயமும் செம்பும் கலந்த தாது இருப்பது வெளிப்பட்டதெல்லாம் வெகு காலத்துக்குப் பிறகுதான். அதற்காக அந்தத் துரைமாரைக் குறை சொல்ல முடியாது. காந்த இரும்புப் பாறை லேசில் கரையாது. மேடாக எழுந்து நிற்கும். திசைகாட்டி முள்ளைக்கூட இழுத்துக் காட்டிக்கொடுத்துவிடும். துத்தநாகத்தின் குணம் வேறு. கந்தகத்தோடு சேர்ந்து ஆழத்தில் கிடக்கும் தாது, மேலே காற்றும் மழையும் பட்டால் சிதைந்துவிடும். துத்தநாகம் தண்ணீரில் கரைந்து போய்விடும். மிஞ்சுவது துரு நிறக் கல்தான். மண்ணைச் சோதனைச் சாலையில் பரிசோதித்து, துளை போட்டு, ஆழத்துப் பாறையை வெளியே எடுத்தால்தான் உண்மை தெரியும். சுத்தியலும் திசைகாட்டியும் நோட்டுப் புத்தகமுமாக அலைந்த காலம் அது.

பல்லாவரத்துக் கல்

அந்த அறிக்கை வருவதற்கு முந்திய வருஷம், 1863 மே 30-ந் தேதி, சென்னைக்கு அடுத்த பல்லாவரத்தில் சரளைக்கல் தோண்டிய பள்ளம் ஒன்றில் ஃபுட்டின் பார்வை ஒரு கல் மேல் விழுந்தது. மற்றவர்களுக்கு அது வெறும் கல். அவருக்கோ அது கோடரி! மனிதன் கையால் செதுக்கிய கோடரி.

பிரான்சில் கிடைத்த இப்படிப்பட்ட கற்கள் ஆதி மனிதனின் ஆயுதங்களே என்று ஐரோப்பிய அறிஞர்கள் ஒப்புக்கொண்டு அப்போது நாலே வருஷங்கள்தான் ஆகியிருந்தன. அந்தச் செய்தியைக் கருத்தோடு படித்திருந்ததால்தான் ஃபுட் குனிந்து எடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் கிங்கும் அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கருவிகளைக் கண்டார்கள். இந்தியாவின் சரித்திரம் எங்கேயோ பின்னால் போய்விட்டது. அத்திரம்பாக்கக் கருவிகளில் பழையவற்றின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டு என்று 2011-ல் விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். அவ்வளவு பழமையை ஃபுட்டே நினைத்திருக்க மாட்டார்!

இத்தனைக்கும் இது அவருடைய உத்தியோகம் அல்ல. சம்பளம் வாங்கியது பாறைகளைப் படம் போடத்தான். தார்வார் பாறைகளைத் தனித் தொகுதியாகப் பிரித்துப் பெயர் சூட்டியவர் அவர். 1884-ல் கர்னூல் குகைகளைத் தோண்டியபோது பட்டாளத்திலிருந்த மகனும் கூட வந்து உழைத்தார்.

1891-ல் ஓய்வு பெற்றார். ஓய்வு என்று பெயர்தான். பரோடா, மைசூர் சமஸ்தானங்களுக்கு வேலை செய்தார். வீடு ஏற்காட்டில். வாலிபத்தில் அளந்த சேலத்து மலைகளுக்கு நடுவிலேயே குடியிருந்தார்.

நாற்பது வருஷமாகச் சேர்த்த கற்கருவிகளையும் பானை ஓடுகளையும் 1904-ல் சென்னை மியூசியம் விலைக்கு வாங்கிக்கொண்டது. அவற்றுக்கு விளக்கம் எழுதுவதிலேயே ஃபுட்டின் கடைசிக் காலம் கழிந்தது. 1912 டிசம்பர் 29-ல் கல்கத்தாவில் காலமானார். அவருடைய குறிப்புகள் புத்தகமாக வெளிவந்தது 1916-ல்.