கைகள் ஈட்டிய கல்வி

அரசின் உதவி பெறும் கல்லூரியில் பயில்வதில்லை என்று உறுதிபூண்டு 1921இல் பாட்னா கல்லூரியைத் துறந்தபோது ஜெயப்பிரகாஷ் நாராயணுக்கு வயது 18. தேர்வுக்குச் சில வாரங்களே எஞ்சியிருந்தன. காசி இந்துப் பல்கலைக்கழகமும் அரசு மானியம் பெற்றமையால் அவர் அங்கும் சேரவில்லை. ஆயினும் கல்வி வேட்கை தணியவில்லை. 1922இல் கல்கத்தாவில் கப்பலேறி அமெரிக்கா சென்றார். இளம் மனைவி பிரபாவதி காந்தியடிகளின் சபர்மதி ஆசிரமத்தில் தங்கினார்.

கலிஃபோர்னியாவில் பழத்தோட்டங்களில் திராட்சை பறித்தும் உலர்த்தியும் பணம் சேர்த்து, 1923இல் பெர்க்கிலியிலுள்ள அம்மாநிலப் பல்கலைக்கழகத்தில் அறிவியல் பயிலத் தொடங்கினார். அங்குக் கட்டணம் இருமடங்காக உயரவே, அயோவா மாநிலத்துப் பல்கலைக்கழகத்தை நாடினார். உணவு விடுதியில் தட்டுக் கழுவினார். மோட்டார்ப் பட்டறையிலும் இறைச்சிக் கூடத்திலும் உழைத்தார். தம் ஊரில் அவர் குலத்தார் தொடத் தயங்கும் தொழில்கள் அவை. உழைப்பவரின் வாழ்வை அவர் ஏட்டில் படிப்பதற்கு முன்பே உடலால் அறிந்துகொண்டார்.

ஆகவேதான் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மார்க்ஸின் நூல்களைப் படித்தபோது அவை அவருக்கு அந்நியமாகத் தோன்றவில்லை போலும். அறிவியலை விட்டுச் சமூகவியலுக்கு மாறினார். ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில், சமூக மாறுதல்களை ஆராய்ந்து எழுதி 1929இல் முதுகலைப் பட்டம் பெற்றார். அடுத்து முனைவர் பட்டத்தை எண்ணியிருந்த வேளையில் தாயார் நோயுற்ற செய்தி வந்தது. அவ்வெண்ணத்தைக் கைவிட்டு அவ்வாண்டே தாயகம் திரும்பினார்.

ஏழாண்டுப் பிரிவு இல்லத்தையும் மாற்றியிருந்தது. பிரபாவதி ஆசிரம வாழ்வில் பிரமச்சரிய விரதம் பூண்டிருந்தார். கணவர் மார்க்சியராகவும் மனைவி காந்தியவாதியாகவும் மீண்டும் சந்தித்தனர். மனைவியின் விரதத்தை அவர் ஏற்றார். 1973இல் பிரபாவதி மறையும் வரை அந்த இல்லறம் அவ்வாறே நிலைத்தது. ஜெயப்பிரகாஷரும் பின்னாளில் மார்க்சியத்திலிருந்து விலகி, 1954இல் சர்வோதயப் பணிக்கே தம் வாழ்வை அளித்தார்.

1974இல் பீகார் மாணவர்கள் தங்கள் போராட்டத்துக்குத் தலைமையேற்க வேண்டினர். எழுபதைக் கடந்த அவர் இசைந்தார். ஓராண்டுப் படிப்பைத் துறந்து வருமாறு அவர்களை அழைத்தார். அது எளிய அழைப்பன்று. எனினும், கல்லூரியைத் துறப்பதற்குரிய விலையைத் தம் இளமையிலேயே கைகள் காய்க்கக் கொடுத்திருந்தவர் அவர். அந்த உரிமையோடுதான் அழைத்தார்.