கள்ளாமை கற்பித்த காந்தியடிகள்

இளஞ்சிறார் கண்ணிற் கண்ட பொருளையெல்லாம் தமதென்றே கருதுவர். அண்டை வீட்டுப் பிள்ளையின் பம்பரமும், உடன் பயில்வோனின் எழுதுகோலும் அவர்தம் கைக்கு எளிதில் வந்து சேரும். தம்முடையது இது, பிறருடையது அது என்னும் உணர்வு பிறவியிலேயே முற்ற அமைவதன்று. பெரியோர் பயிற்ற வளர்வது. அதனைப் பயிற்றும் வழி யாது? பிரம்பும் கடுஞ்சொல்லும் போதுமா? அன்றி, வேறொன்று வேண்டுமா? இவ்வினாவிற்குக் காந்தியடிகளின் வாழ்க்கை தக்கதொரு விடையாகத் திகழ்கின்றது.

கூர்ச்சர நாட்டுக் கடற்கரை நகராகிய போர்பந்தரில், 1869ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 2ஆம் நாள் மோகனதாசர் தோன்றினார். தந்தையார் கரம்சந்த் காந்தி, தாயார் புத்லிபாய். தந்தையார் போர்பந்தரிலும் பின்னர் இராசகோட்டையிலும் திவானாக விளங்கியவர். வாய்மையும் நேர்மையும் மிக்கவர். ஆயினும் விரைந்து சினங்கொள்ளும் இயல்பினர்.

மோகனதாசர் இளமையிலேயே குற்றமற்றவராய் விளங்கினாரல்லர். பன்னிரண்டு, பதின்மூன்று வயதளவில், உறவினன் ஒருவனோடு கூடிப் புகைபிடிக்கும் ஆசை கொண்டார். அதற்குப் பொருள் வேண்டுமன்றோ? வீட்டு வேலையாளின் கைச்செலவுக் காசிலிருந்து சில செப்புக் காசுகளை அவ்விருவரும் திருடினர். உழைத்துண்ணும் ஏழையின் காசு அது. சிறியதென்று எண்ணிய பிழையே பெரியதற்கு வாயிலாயிற்று.

அவருக்குப் பதினைந்து வயதானபோது, தமையனார் ஒருவர் ஏறத்தாழ 25 ரூபாய் கடன்பட்டிருந்தார். அவர் கையில் கெட்டிப் பொன்னாலாகிய காப்பு ஒன்று கிடந்தது. அதிலிருந்து சிறிது பொன்னை வெட்டியெடுத்தல் அரிதாக இல்லை. மோகனதாசர் அதனைச் செய்தார், கடனும் தீர்ந்தது. காப்புத் தமையனாருடையதே, கடனும் அவருடையதே என்று தம் மனத்திற்கு அமைதி கூறிக்கொள்ள அவர் முயன்றிருக்கலாம். ஆனால், உள்ளம் உடன்படவில்லை. இனித் திருடுவதில்லை என்று உறுதி பூண்டார். அவ்வுறுதி ஒன்று மட்டும் போதாது. தந்தையாரிடம் உண்மையை உரைத்தல் வேண்டும் என்றும் துணிந்தார்.

வாய்திறந்து கூற நா எழவில்லை. அடிக்கு அவர் அஞ்சினாரல்லர். தம்மால் தந்தையார் உளம் நோவாரே என்றுதான் அஞ்சினார். எனவே, செய்த குற்றத்தை ஒரு தாளில் எழுதினார். தமக்குத் தக்க தண்டனை அளிக்குமாறும், தம் பொருட்டுத் தந்தையார் தம்மைத்தாமே வருத்திக்கொள்ளாதிருக்குமாறும் வேண்டினார். இனித் திருடுவதில்லை என்ற உறுதியையும் அதிற் பொறித்தார். நடுங்குங் கையோடு அத்தாளைத் தந்தையாரிடம் நீட்டிவிட்டு எதிரே அமர்ந்தார்.

தந்தையார் அப்பொழுது நோய்வாய்ப்பட்டு வெறும் பலகைமீது படுத்திருந்தார். எழுந்தமர்ந்து படித்தார். கண்ணீர்த் துளிகள் கன்னத்தின் வழியே வழிந்து தாளை நனைத்தன. சிறிது நேரம் கண்களை மூடியிருந்தார். பின்னர்த் தாளைக் கிழித்தெறிந்துவிட்டு மீண்டும் படுத்துக்கொண்டார். ஒரு சொல்லும் அவர் வாயினின்றும் வெளிப்படவில்லை. சினத்தை எதிர்பார்த்திருந்த மைந்தர் அன்பைக் கண்டார், தாமும் அழுதார். பிரம்படி பட்டிருந்தால் உடம்பு நொந்திருக்கும்; சில நாளில் அந்நோவு மறைந்தும் போயிருக்கும். அக்கண்ணீரோ வாழ்நாள் முழுவதும் அவர் நெஞ்சை விட்டு நீங்கவில்லை.

தந்தையார் 1885ஆம் ஆண்டு காலமானார். மைந்தர் இங்கிலாந்து சென்று சட்டம் பயின்றார். 1893ஆம் ஆண்டு வழக்கொன்றின் பொருட்டுத் தென்னாப்பிரிக்கா சேர்ந்தார். அங்கு வாழ்ந்த இந்தியரின் உரிமைக்காகப் பாடுபட்டார். 1901ஆம் ஆண்டு அவர் தாயகம் திரும்ப முற்பட்டபோது, மக்கள் பொன்னும் வைரமுமாகப் பரிசில்களைக் குவித்தனர். 50 கினி விலைபெறும் பொன்மாலை ஒன்று கஸ்தூரிபாய் அம்மையாருக்கென்றே அளிக்கப்பெற்றது. அன்றிரவு அடிகளுக்கு உறக்கம் வரவில்லை. பொதுத் தொண்டிற்குக் கிடைத்த பொருள் பொதுமக்களுக்கே உரியதன்றோ என்று எண்ணி எண்ணி உலாவினார். தம் கருத்தை முதலில் தம் இளம்புதல்வரிடமே எடுத்துரைத்து அவர்தம் இசைவைப் பெற்றார். அம்மையார் எளிதில் இசையவில்லை. மருமக்களுக்கு அணிகலன் வேண்டுமே என்று வாதாடினார். முடிவில் பரிசில்கள் அனைத்தும் அறநிலைப் பொருளாக ஒப்படைக்கப்பெற்றன. பிறர்க்குரியது எது என்பதைச் சிறாரோடும் கலந்தெண்ணிய தந்தை, அவர்களுக்கு அன்று கற்பித்த பாடம் சிறிதன்று.

மீண்டும் தென்னாப்பிரிக்கா சென்ற அடிகள், 1910ஆம் ஆண்டு யோகானசுபர்க்கு நகருக்கு அணித்தே தால்சுதாய்ப் பண்ணையை நிறுவினார். அவர்தம் நண்பர் காலன்பாக்கு என்பார் 1,100 ஏக்கர் நிலத்தை வாடகையின்றி உதவினார். அங்கிருந்த சிறார்க்கு அடிகளே ஆசிரியராயினார். அவர்களுள் தமிழ்ச் சிறாரும் இருந்தனர். போப்பையரின் நூல்கொண்டு தாம் கற்ற சிறிதளவு தமிழால் அவர்களுக்குத் தமிழெழுத்துக்களையும் பயிற்றினார். ஆசிரியர் செய்யாத ஒன்றை மாணவரைச் செய்யுமாறு ஏவலாகாது என்பது அப்பண்ணையின் விதி. ஒருமுறை, முரட்டு மாணவன் ஒருவனை அடிகள் சினந்து அளவுகோலால் அடித்துவிட்டார். அடிக்கும்பொழுதே அவர் உடல் நடுங்கிற்று. அம்மாணவனும் அழுது மன்னிப்பு வேண்டினான். எனினும் அடிகள் அச்செயலுக்காக வருந்தினார். அதன்பின் எம்மாணவரையும் அடித்தாரல்லர். தம் தந்தையார் காட்டிய வழியே சிறந்தது என்று தெளிந்தார்.

1915ஆம் ஆண்டு தாயகம் வந்து, ஆமதாபாத்தை அடுத்த கொச்சரப்பில் ஆசிரமம் அமைத்தார். அங்கு வாழ்வோர் மேற்கொள்ளும் நோன்புகளுள் கள்ளாமையும் ஒன்று. வள்ளுவர் தனி அதிகாரம் வகுத்துப் போற்றிய அறமும் அதுவே. உரியவர் அறியாமல் எடுத்தல் மட்டுமன்று, தேவைக்கு மேற்பட்டு வைத்திருத்தலும் களவே என அடிகள் அதன் பொருளை விரித்தார்.

அவ்வாண்டின் இறுதியில் பம்பாயில் காங்கிரசு மாநாடு நடந்தது. அங்கு அடிகள் எதையோ பரபரப்புடன் தேடிக்கொண்டிருந்தார். காகா காலேல்கர் உற்று வினவியபோது, அது ஒரு சிறு பென்சில் என்று தெரிந்தது. அவர் தம் பென்சிலைக் கொடுக்க முன்வந்தார், அடிகள் கொள்ளவில்லை. அச்சிறு பென்சில், சென்னையில் ஜி. ஏ. நடேசனாரின் இளமைந்தன் அன்போடு தந்தது. அதனை இழத்தல் அவருக்குப் பொறுக்கக்கூடியதாக இல்லை. இருவரும் தேடிக் கண்டெடுத்தனர். அதன் நீளம் இரண்டு அங்குலமும் இல்லை! பொன்மாலையைத் தமதன்று என விலக்கிய கை, ஒரு சிறுவன் தந்த பென்சில் துண்டைப் பொன்னினும் மேலாகப் போற்றிற்று.

1948ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 30ஆம் நாள் அடிகள் மறைந்தபோது, அவர் விட்டுச்சென்ற உடைமைகள் மிகச் சிலவே. ஆயினும் அவர் வாழ்க்கை நமக்கு விட்டுச்சென்ற படிப்பினை பெரிது. பொருளின் சிறுமை பெருமையை நோக்காது, அதற்குரியவர் உள்ளத்தை நோக்குவோரே பிறர் பொருளை மதிப்பவராவர். இளையோர் பிழை செய்யின் அஞ்சாது உண்மை உரைத்தல் வேண்டும். பெரியோரும் அன்பினால் திருத்தி, சிறார்க்குரிய சிறு பொருளையும் தாம் மதித்து நடத்தல் வேண்டும். மதிக்கப்பெற்ற சிறுவனே பிறரை மதிக்கக் கற்பான்.