சுரேந்திரநாத் பானர்ஜி

சுரேந்திரநாத் பானர்ஜி (நவம்பர் 10, 1848 - ஆகஸ்ட் 6, 1925) வங்காளத்தைச் சேர்ந்த அரசியல் தலைவர், பேச்சாளர், ஆசிரியர், இதழாளர் ஆவார். ஐ.சி.எஸ். எனப்பட்ட இந்தியக் குடிமைப் பணியில் முதலில் சேர்ந்த இந்தியருள் ஒருவரான இவர், 1874 இல் பணிநீக்கம் செய்யப்பட்டார். இந்தியத் தேசிய காங்கிரசின் தலைவராக இருமுறை பணியாற்றினார்.

பிறப்பும் கல்வியும்

சுரேந்திரநாத் கல்கத்தாவில் பிறந்தார். தந்தை துர்காசரண் பானர்ஜி மருத்துவர். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற பின்னர், 1868 இல் ரமேஷ் சந்திர தத், பிகாரி லால் குப்தா ஆகியோருடன் ஐ.சி.எஸ். தேர்வு எழுதுவதற்காக இங்கிலாந்து சென்றார்.

வயது குறித்த வழக்கு

1869 இல் நடந்த தேர்வில் மூவரும் வெற்றி பெற்றனர். ஆயினும் சுரேந்திரநாத் வயது வரம்பைக் கடந்தவர் எனக் கூறித் தேர்வாணையர்கள் அவர் பெயரை நீக்கினர். நிறைவடைந்த ஆண்டுகளை விடுத்து, நடக்கும் ஆண்டையும் சேர்த்து வயதைக் கூறுவது இந்திய வழக்கம். பள்ளி இறுதித் தேர்வின்போது அவ்வழக்கப்படி குறிக்கப்பட்ட வயதே இக்குழப்பத்திற்குக் காரணமாகும். இலண்டனில் குயின்ஸ் பெஞ்ச் நீதிமன்றத்தை அவர் நாடினார். அதன் பயனாக மீண்டும் சேர்த்துக் கொள்ளப்பட்டார். வழக்கு நடந்துகொண்டிருந்த காலத்தில், 1870 இல், அவரது தந்தை காலமானார்.

பணிநீக்கம்

1871 இல் இந்தியா திரும்பிய சுரேந்திரநாத், தற்போது வங்காளதேசத்தில் உள்ள சில்ஹெட்டில் உதவி மாஜிஸ்திரேட்டாக நியமிக்கப்பட்டார். அங்கு யுதிஷ்டிரர் என்பவர் மீது படகுத் திருட்டு வழக்கு ஒன்று இருந்தது. அவர் தலைமறைவாகாத நிலையிலும் அவ்வழக்கு தலைமறைவானோர் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதற்கான ஆணையில் சுரேந்திரநாத்தின் கையெழுத்து இருந்தது. எழுத்தர் வழக்கமாகக் கொண்டுவரும் பல தாள்களுடன் அதிலும் கையெழுத்திட்டதாக அவர் விளக்கினார். வழக்கு தாமதமானதற்குக் காரணம் கூறுவதைத் தவிர்க்கவே அறிந்து செய்தார் என்றும், பின்னர் பொய்யான விளக்கம் அளித்தார் என்றும் அரசு குற்றஞ்சாட்டியது.

விசாரணையைக் கல்கத்தாவில் நடத்துமாறு அவர் விடுத்த வேண்டுகோள் ஏற்கப்படவில்லை. மூவர் கொண்ட குழு சில்ஹெட்டிலேயே விசாரித்து அவரைக் குற்றவாளி எனக் கண்டது. 1874 இல் அவர் நீக்கப்பட்டார். மாதம் 50 ரூபாய் கருணைத் தொகையாக வழங்கப்பட்டது.

அக்காலத்தில் அரசு ஊழியர்கள் முடியரசின் விருப்பம் உள்ளவரையே பதவியில் இருக்க முடிந்தது. வயது வழக்கில் நீதிமன்றத்தால் காக்கப்பட்டவருக்கு இம்முறை நிருவாகத்திடமே முறையிடும் வழி மட்டும் இருந்தது. குற்றஞ்சாட்டியதும் குழுவை அமைத்ததும் தண்டித்ததும் அரசே. இலண்டன் சென்று இந்தியா அலுவலகத்தில் செய்த மேல்முறையீடு நிராகரிக்கப்பட்டது. பணிநீக்கத்தைக் காரணம் காட்டி, மிடில் டெம்பிள் சட்டக் கழகமும் 1875 இல் அவரை வழக்கறிஞராக ஏற்க மறுத்தது. இதனால் சட்டத் தொழிலும் அவருக்கு அடைபட்டது. கவனக்குறைவுக்கு அளிக்கப்பட்ட மிகையான தண்டனை இது என்றும், வெள்ளையர் ஒருவருக்கு இவ்வாறு நேர்ந்திராது என்றும் இந்தியர் பலர் கருதினர்.

ஆசிரியப் பணியும் பொதுவாழ்வும்

1875 இல் நாடு திரும்பிய அவருக்கு, ஈசுவர சந்திர வித்தியாசாகர் தமது மெட்ரோபாலிட்டன் கல்வி நிறுவனத்தில் ஆங்கிலப் பேராசிரியர் பணி அளித்தார். 1876 இல் ஆனந்த மோகன் போசு முதலியோருடன் இந்தியச் சங்கத்தைத் தோற்றுவித்தார். ஐ.சி.எஸ். தேர்வுக்கான உச்ச வயது 21 இலிருந்து 19 ஆகக் குறைக்கப்பட்டபோது, அதனை எதிர்த்து 1877 முதல் வட இந்தியாவிலும் பம்பாய், சென்னை மாகாணங்களிலும் பயணம் செய்து கூட்டங்களில் பேசினார். தம்மை வெளியேற்றிய பணியின் வாயில் பிறருக்கு மூடப்படாதிருக்கவே அவர் போராடினார். தேர்வை இந்தியாவிலும் நடத்தவேண்டும் என்ற கோரிக்கை 1922 இல் நிறைவேறியது.

1879 இல் 'பெங்காலி' இதழின் பொறுப்பை ஏற்றார். நீதிபதி ஒருவரைக் கண்டித்து எழுதியதற்காக 1883 இல் நீதிமன்ற அவமதிப்புக் குற்றத்தில் இரண்டு மாதச் சிறைத் தண்டனை பெற்றார். அவர் வளர்த்த ரிப்பன் கல்லூரி பின்னாளில் சுரேந்திரநாத் கல்லூரி எனப் பெயர் மாற்றப்பட்டது.

காங்கிரசின் 1895 பூனா மாநாட்டிற்கும் 1902 அகமதாபாத் மாநாட்டிற்கும் தலைமை தாங்கினார். 1905 வங்கப் பிரிவினையை எதிர்த்த இயக்கத்தின் முன்னணித் தலைவராக விளங்கினார். 1918 இல் காங்கிரசிலிருந்து விலகி மிதவாதிகளுடன் சேர்ந்தார்.

இறுதிக் காலம்

1921 இல் சர் பட்டம் பெற்ற சுரேந்திரநாத், அதே ஆண்டில் வங்காள அரசின் உள்ளாட்சித் துறை அமைச்சரானார். அரசு நீக்கிய அதிகாரி 47 ஆண்டுகளுக்குப் பின் அமைச்சராக அமர்ந்தார். கல்கத்தா மாநகராட்சிச் சட்டம் 1923 இல் அவரது முயற்சியால் நிறைவேறியது. அவ்வாண்டுத் தேர்தலில் பிதான் சந்திர ராயிடம் தோல்வியுற்றார். தமது வாழ்க்கை வரலாற்றை 'எ நேஷன் இன் மேக்கிங்' என்னும் ஆங்கில நூலாக 1925 இல் வெளியிட்டார். பணிநீக்கம் பற்றிய தம் தரப்பை அதில் விரிவாகப் பதிவு செய்துள்ளார். அவ்வாண்டே பாரக்பூரில் காலமானார். 1874 ஆம் ஆண்டு ஆணை அவர் வாழ்நாளில் நீக்கப்படவில்லை.

அரசு ஊழியரை நீக்கும் முன் காரணம் கூற நியாயமான வாய்ப்பளிக்க வேண்டும் என்ற விதி 1935 ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தில் இடம்பெற்றது. பின்னர் சில விதிவிலக்குகளுடன் இந்திய அரசியலமைப்பின் 311 ஆவது உறுப்பாக அமைந்தது.