கட்சி நிறுத்தியது, கட்சியே கவிழ்த்தது

அனந்தப்பூர் ஜில்லாவில் 1913-ல் பிறந்த நீலம் சஞ்சீவ ரெட்டி, ஆந்திரப் பிரதேசத்தின் முதல் முதல்வர். 1969 ஜூலையில் நம் பெங்களூரில் கூடிய காங்கிரஸ் பார்லிமெண்டரி போர்டு, சபாநாயகராயிருந்த அவரை ஜனாதிபதி வேட்பாளராக்கியது. பிரதமர் இந்திரா விரும்பியது ஜகஜீவன்ராமை. காமராஜர் உள்ளிட்ட பெரும்பான்மையோர் ரெட்டி பக்கம்.

பிரதமரைக் கலக்காமல் முடிவா என்றது ஒரு கோஷ்டி. ரெட்டியின் மனுவில் கையெழுத்திட்ட இந்திராவே பிறகு மனச்சாட்சிப்படி ஓட்டளிக்கச் சொன்னது நியாயமா என்றது மற்றது. நிஜலிங்கப்பா ஜனசங்கத்திடம் இரண்டாம் விருப்ப ஓட்டு கேட்டதும் சரியல்லதான்!

சுயேச்சை வி.வி.கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. சபாநாயகர் பதவியையும் துறந்திருந்தவர், 1971-ல் தோற்று ஊரில் விவசாயம் பார்த்தார். 1977-ல் போட்டியின்றி ஜனாதிபதியானார். 1996-ல் காலமானதும் பெங்களூரில்தான்.