தொழிலாளர் தோழர் வ.உ.சிதம்பரனார்

நாடு போற்றும் பெரியோரை நாம் பெரும்பாலும் ஓர் அடைமொழிக்குள் அடக்கிவிடுகின்றோம். அடைமொழி நினைவுக்கு எளிது. ஆயின் அம்மனிதரின் மறுபாதி அதனால் மறைந்து போகின்றது. வ.உ.சிதம்பரனார் என்றவுடன் கப்பலோட்டிய தமிழன் என்கின்றோம். செக்கிழுத்த செம்மல் என்கின்றோம். கப்பலுக்கும் செக்குக்கும் இடையே, இரண்டையும் இணைத்து நிற்கும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. அது 1908ஆம் ஆண்டு தூத்துக்குடியில் நடைபெற்ற கோரல் மில் வேலைநிறுத்தம். கப்பல் அவரை ஆங்கில வணிகர்க்குப் பகைவராக்கியது. கூலிக்கு உழைத்த எளிய மக்களோடு அவர் தோளிணைந்து நின்றதே ஆங்கில அரசை நடுங்கச் செய்தது என்பது நம் துணிபு. அத்தொழிலாளர் தோழரின் வாழ்வை இங்கே சுருக்கமாகக் காண்போம்.

பிறப்பும் வழக்கறிஞர் பணியும்

கரிசல் மண்ணின் ஊர்களுள் ஒன்றாகிய ஒட்டப்பிடாரத்தில் 1872ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள், உலகநாத பிள்ளைக்கும் பரமாயி அம்மாளுக்கும் மகனாகச் சிதம்பரனார் தோன்றினார். தந்தையார் வழக்கறிஞர். மகனும் திருச்சிராப்பள்ளியில் சட்டம் பயின்று தேர்ந்து, 1895இல் ஒட்டப்பிடாரத்திலேயே தொழிலைத் தொடங்கினார். ஏழைகள் பொருட்டும், காவலரால் வழக்கில் சிக்கவைக்கப்பட்டோர் பொருட்டும் அவர் வாதாடியமையால் அதிகாரிகளின் வெறுப்புக்கு ஆளானார். பின்னர் 1900ஆம் ஆண்டளவில் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார். துறைமுக நகரின் வணிகமும், அவ்வணிகத்தில் வெள்ளையர் கொண்டிருந்த பிடியும் அங்கே அவர் கண்முன் விரிந்தன.

சாதி சமயம் கடந்த கூட்டு முயற்சி

1906ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில் சுதேசிக் கப்பல் நிறுவனம் பதிவு செய்யப்பெற்றது. பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள்; மொத்த முதல் பத்து இலட்சம் ரூபாய். மதுரைத் தமிழ்ச்சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் தலைவராக அமைந்தார். ஹாஜி முகம்மது பக்கீர் சேட் என்னும் வணிகப் பெருந்தகை 8,000 பங்குகளுக்கு இரண்டு இலட்சம் ரூபாய் ஈந்தார். முதலில் ஐந்தில் ஒரு பகுதியை ஒருவரே நம்பிக்கையுடன் அளித்தார் என்பதை நம் சமுதாயப் பெரியோர்கள் பெருமிதத்தோடு நினைவுகூரலாம். நாட்டின் நலன் என்று வந்தபோது தேவரும் சேட்டும் பிள்ளையும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்தனர்.

1907இல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடலாயின. எதிர் நிறுவனமாகிய பிரிட்டிஷ் இந்தியா கப்பல் நிறுவனம் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே சென்று, இறுதியில் இலவசமாகவே ஏற்றிச் செல்லவும் முன்வந்தது. அந்தப் போட்டி பலரும் அறிந்த கதையாகலின் அதனை இவ்வளவில் நிறுத்துவோம்.

கோரல் மில்

தூத்துக்குடியில் ஹார்வி நிறுவனத்தார் நடத்திய நூற்பாலையே கோரல் மில். விடியல் முதல் அந்தி வரை வேலை. வார விடுமுறை இல்லை. கூலியோ மிகக் குறைவு. சிறுவர்களும் அங்கே உழைத்தனர். பிழை செய்தோர் அடிக்கும் ஆளாயினர். ஆலையின் ஆதாயம் கடல் கடந்து சென்றது. ஆலையில் உழைத்தவர் வயிறோ காய்ந்தது.

1908ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் சுப்பிரமணிய சிவாவும் சிதம்பரனாரும் தூத்துக்குடியில் நாள்தோறும் கூட்டங்களில் பேசினர். நாட்டு விடுதலையையும் ஆலைத் தொழிலாளரின் கூலியையும் அவர்கள் தனித்தனியே பேசவில்லை. உழைப்போர் கையை நிறுத்தினால் ஆலை நிற்கும்; ஆலை நின்றால் அயலார் ஆதாயம் நிற்கும் என்னும் எளிய கணக்கை மக்களுக்கு விளக்கினர். பிப்ரவரி 27ஆம் நாள் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். கூலி உயர்வு, வார விடுமுறை, பிற விடுமுறைகள் ஆகியனவே அவர்தம் கோரிக்கைகள்.

வேலைநிறுத்தம் என்பது அறிவிக்க எளியது, நடத்த அரியது. அன்றாடங்காய்ச்சிக்குக் கூலி இல்லாத ஒரு நாள் என்பது அடுப்பு எரியாத ஒரு நாள். சிதம்பரனார் இதனை நன்கு அறிந்திருந்தார். ஆகவே நகர மக்களிடம் பொருள் திரட்டித் தொழிலாளர்க்கு உணவு கிடைக்க வழி செய்தார். சிலர்க்கு வேறு வேலையும் தேடித் தந்தார். ஆலைக்குள் தொடங்கிய போராட்டம் நகரத்தின் போராட்டமாக வளர்ந்தது. தொழிலாளர்க்கு எதிராக நின்ற வழக்கறிஞர் ஒருவர்க்குச் சவரத் தொழிலாளி பாதியிலே சவரத்தை நிறுத்திவிட்டுச் சென்றார் என்னும் செய்தி அக்காலத்து நினைவுகளுள் நிலைத்துவிட்டது. நகைப்புக்குரியதாகத் தோன்றும் அச்செய்தி, ஓர் ஊரின் அடித்தளத்து மக்கள் யார் பக்கம் நின்றனர் என்பதைத் தெளிவுறக் காட்டுகின்றது.

ஒன்பது நாட்களுக்குப் பின் நிருவாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிறு விடுமுறை கிடைத்தது. பிற வெள்ளையர் நிறுவனங்களில் பணிபுரிந்தோரும் இதனால் பயனுற்றனர். வங்கத்திலிருந்த அரவிந்தர் தம் இதழில் இவ்வெற்றியைப் பாராட்டி எழுதினார்.

கைதும் மக்கள் எழுச்சியும்

வெற்றியின் ஆரவாரம் அடங்குமுன் அடக்குமுறை வந்தது. வங்கத் தலைவர் விபின் சந்திர பாலின் விடுதலையைக் கொண்டாட ஏற்பாடு செய்தமை அரசுக்கு வாய்ப்பாயிற்று. மார்ச் 12ஆம் நாள் சிதம்பரனாரும் சிவாவும் பத்மநாப ஐயங்காரும் திருநெல்வேலியில் கைது செய்யப்பெற்றனர். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. கடைகள் மூடப்பட்டன, அரசு அலுவலகங்கள் தீக்கிரையாயின, மாணவர்களும் தெருவில் இறங்கினர். காவலர் துப்பாக்கிச் சூட்டில் நால்வர் உயிரிழந்தனர். பின்னர் ஊர் மக்கள் மீது தண்டக் காவல் வரியும் சுமத்தப்பட்டது.

தூத்துக்குடியில் நிகழ்ந்ததோ இன்னும் கருதத்தக்கது. ஒரு வாரத்துக்கு முன்புதான் கூலி உயர்வு பெற்று ஆலைக்குத் திரும்பிய கோரல் மில் தொழிலாளர், மீண்டும் வேலையை நிறுத்தினர். இம்முறை அவர்கள் கேட்டது காசு அன்று; தம் தலைவரின் விடுதலை. சலவைத் தொழிலாளர், சவரத் தொழிலாளர், குதிரைவண்டி ஓட்டுவோர், கசாப்புக் கடைக்காரர் முதலிய பலரும் உடன் நின்றனர். அதே ஆண்டு சூலைத் திங்களில் திலகர் சிறைப்பட்டபோது பம்பாய் ஆலைத் தொழிலாளர் செய்த வேலைநிறுத்தத்தை வரலாற்று நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. அதற்கு நான்கு திங்கள் முன்னரே தென்கோடியில் அரசியல் காரணத்துக்காகத் தொழிலாளர் ஆலையை விட்டு வெளியேறினர் என்பதை நாம் மறத்தலாகாது.

கடல் கடந்த ஓர் ஒப்புமை

இதே காலத்தில் அமெரிக்க நாட்டிலும் ஒரு புதிய முயற்சி தலையெடுத்தது. 1905ஆம் ஆண்டு சிகாகோ நகரில் உலகத் தொழில்துறைத் தொழிலாளர் சங்கம் என்னும் அமைப்புத் தோன்றியது. அதுவரை இருந்த சங்கங்கள் பெரும்பாலும் கைத்திறன் மிக்க தொழிலாளரை மட்டுமே சேர்த்துக்கொண்டன. இப்புதிய சங்கமோ மொழி, நிறம், பால் வேறுபாடு பாராது, தொழில் பயிலாத கூலியாளரையும் அயல்நாட்டிலிருந்து குடியேறியோரையும் ஒன்றாகத் திரட்டியது. 1912இல் மாசசூசெட்ஸ் மாநிலத்து லாரன்ஸ் நகரில் பல நாட்டு மொழிகள் பேசிய நெசவாலைத் தொழிலாளர், இச்சங்கத்தின் வழிகாட்டலில் குளிர்காலத்தில் வேலையை நிறுத்திக் கூலி உயர்வு பெற்றனர். முதல் உலகப்போர்க் காலத்தில் அந்நாட்டு அரசு அச்சங்கத்தை ஒடுக்கியது. 1918இல் அதன் தலைவர் பில் ஹேவுட் உள்ளிட்ட சிலர்க்கு இருபதாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

தூத்துக்குடிக்கும் சிகாகோவுக்கும் தொடர்பு இருந்ததென நாம் கூறவில்லை. ஆயினும் ஓர் உண்மை இரண்டிடத்தும் ஒன்றே. உழைப்போர் தனித்தனியே முறையிட்டபோது அது கூலி வழக்கு. வேற்றுமை மறந்து ஒன்று சேர்ந்தபோது அது ஆட்சிக்கு எதிரான குற்றமாகக் கருதப்பட்டது. அமெரிக்காவில் விதிக்கப்பட்ட அந்த இருபதாண்டுத் தண்டனையைப் பத்தாண்டுகட்கு முன்னரே நம் நெல்லை மண்ணின் வழக்கறிஞர் ஒருவர் பெற்றிருந்தார், அதுவும் இருமுறை.

சிறையும் அதன் பின்னும்

1908ஆம் ஆண்டு சூலை 7ஆம் நாள் நீதிபதி பின்ஹே தீர்ப்பளித்தார். அரசுக்கு எதிராகப் பேசியமைக்கு இருபதாண்டும், சிவாவுக்குத் துணைபுரிந்தமைக்கு இருபதாண்டுமாக இரட்டைத் தீவாந்தர தண்டனை சிதம்பரனார்க்கு விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது ஆறாண்டாகக் குறைந்தது. கோயம்புத்தூர்ச் சிறையிலும் கண்ணனூர்ச் சிறையிலும் அவர் பட்ட துன்பம் சொல்லில் அடங்காது. மாட்டுக்குரிய செக்கை மனிதராகிய அவர் இழுத்தார். அங்கும் தமிழை அவர் விட்டாரல்லர். ஜேம்ஸ் ஆலனின் ஆங்கில நூலை மனம் போல வாழ்வு எனத் தமிழாக்கினார்.

1912ஆம் ஆண்டு இறுதியில் வெளிவந்தபோது உலகம் மாறியிருந்தது. கப்பல் நிறுவனம் 1911இலேயே கலைக்கப்பட்டிருந்தது. வழக்கறிஞர் உரிமையும் பறிக்கப்பட்டிருந்தது. சென்னையில் சிறு வணிகம் செய்து குடும்பத்தை நடத்தினார். வறுமையின் நடுவிலும் 1917இல் திருக்குறள் அறத்துப்பாலை மணக்குடவர் உரையுடன் பதிப்பித்தார். பின்னாளில் தொல்காப்பிய இளம்பூரணர் உரையையும் வெளியிட்டார். தமிழ்த்துறையினராகிய நமக்கு இவை நாளும் பயன்படும் கொடைகள்.

தொழிலாளர் தொடர்பையும் அவர் விடவில்லை. 1918ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் பெரம்பூர்ப் பகுதி ஆலைத் தொழிலாளர்க்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. வாடியா தலைவராகவும் திரு.வி.க. துணைத்தலைவராகவும் விளங்கிய அச்சங்கத்தாரோடு சிதம்பரனாரும் கலந்து பணிபுரிந்தார். பின்னர்க் கோவையில் வாழ்ந்தபோதும் தொழிலாளர் இயக்கத்துக்குத் துணை நின்றார்.

வாலஸ் என்னும் ஆங்கில நீதிபதி வழக்கறிஞர் உரிமையை மீட்டளித்தார். அந்நன்றியைத் தம் மகனுக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டுக் காட்டினார் சிதம்பரனார். ஆங்கில ஆட்சியை வெறுத்தவர், ஆங்கிலேயரின் நற்பண்பை வெறுத்தாரல்லர். 1920களின் நடுப்பகுதி முதல் 1932 வரை கோவில்பட்டியில் வழக்கறிஞராக வாழ்ந்தார். பின் தூத்துக்குடிக்குத் திரும்பி, 1936ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள் இயற்கை எய்தினார். அவர் எழுதி வைத்த உயிலில் தீர்க்கப்படாத கடன்களும் இடம்பெற்றிருந்தன.

நாம் எண்ண வேண்டுவது

சிதம்பரனாரின் தொழிலாளர் பணியில் நிறைவுறாத பகுதியும் உண்டு. தலைவர் சிறை புகுந்தபின், தூத்துக்குடித் தொழிலாளரின் ஒற்றுமையை நிலைநிறுத்த ஒரு நிலையான சங்கம் அப்போது அமையவில்லை. தொழிற்சங்கங்கட்குச் சட்டப் பாதுகாப்பு 1926ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் கிடைத்தது. ஒருவரின் நாவன்மையால் எழுந்த எழுச்சி, அமைப்பாக உருப்பெற்றாலன்றி நிலைக்காது என்பது இதனால் விளங்கும் பாடம்.

கோவில்பட்டிக்கு அருகே உள்ள நம் திருவேங்கடம் வட்டாரம் மழையை நம்பிய கரிசல் நிலம். மழை பொய்த்த ஆண்டுகளில் தீப்பெட்டித் தொழிலே பல வீடுகளில் உலை வைத்தது. குச்சி அடுக்கியும் பெட்டி ஒட்டியும் பெற்ற கூலியில் பிள்ளைகளைப் படிக்க வைத்த தாய்மார் இங்கு எண்ணற்றோர். அவர்தம் மக்களே நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கின்றனர். உழைப்பவரின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்னும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் நெறியைப் போற்றும் கல்விக்கூடத்தில், சிதம்பரனாரின் வரலாறு அயலதன்று, நம்முடையதே.

தலைவர்கள் பெயரை வரலாறு காத்து வைத்துள்ளது. ஒன்பது நாள் பசி பொறுத்து நின்ற கோரல் மில் தொழிலாளருள் பெரும்பாலோர் பெயரை அவ்வாறு காக்கவில்லை. அவர்கள் இல்லையேல் அந்த வெற்றியும் இல்லை. மாணவச் செல்வங்கள் தத்தம் வீட்டுப் பெரியோரிடம் அவர்கள் உழைத்த கதையைக் கேட்டு, பெயரோடும் ஊரோடும் ஆண்டோடும் எழுதி வைப்பாராக. தம் வாழ்வையே எளியோர்க்கு ஈந்த சிதம்பரனார்க்கு மாணவர் செலுத்தத்தக்க நன்றி அதுவே என்பது நம் எண்ணம்.